கம்மலைக் கழற்றுவது அடிமைத்தனமா, அன்பா?

தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பல மாதங்களாக இங்கே வாசிக்க மட்டும் செய்தேன். இன்று ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அது தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம்.

நான் வளர்ந்தது மருந்து எடுக்காத, நகை அணியாத, வெள்ளை உடுத்துகிற ஒரு சபையில். தாத்தா காலம் வரை எங்கள் குடும்பம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அப்பாவும் அம்மாவும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த அன்று அம்மா தாலியையும் கம்மலையும் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். வெறுங்கழுத்தைப் பார்த்து ஊர்ப் பெண்கள், “அவர் எப்போது தவறினார்?” என்று கேட்டார்களாம். அப்பா அப்போது வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிறிஸ்துவுக்காக நிந்தை சுமந்தேன் என்று அம்மா அதைச் சாட்சியாகவே சொல்வார்கள். அதில் பொய்யில்லை. அவர்கள் அதை மனதாரச் சுமந்தார்கள்.

ஆனால் எனக்கு அது வேறு விதமாக வந்து சேர்ந்தது. எவையெல்லாம் பாவம் என்று ஆறு வயதிலேயே ஒப்பிப்பேன்: கம்மல், பூ, வளையல், பவுடர், தொலைக்காட்சி, பள்ளி ஆண்டு விழா நடனம், ஞாயிற்றுக்கிழமை பாடம் படிப்பது. ஒருநாள் தோழியின் பாசிமாலையை இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்தேன். மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. இயேசு வந்து தம் ஜனங்களை எடுத்துக்கொண்டு போகிற இரகசிய வருகை நடந்துவிட்டது, பாசிமாலைக்காக நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று வாசற்படியில் உட்கார்ந்து கதறினேன். அம்மா ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தார்கள்.

திருமணமாகிக் கோயம்புத்தூர் வந்தபின் நாங்கள் போகத் தொடங்கிய சிறிய சபையில் கிறிஸ்துவுக்குள் உள்ள சுயாதீனத்தைப் பற்றி அப்போஸ்தலன் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தை மாதக்கணக்கில், வசனம் வசனமாகப் படித்தோம். அதுவரை அந்த நிருபத்தை ஆவியின் கனிக்காக மட்டும்தான் மனப்பாடம் செய்திருந்தேன். அதற்குப் பிறகு, முப்பத்தொரு வயதில் காது குத்திக்கொண்டேன். சின்னக் கல் கம்மல். அன்று இரவு தூங்கவில்லை. தண்டனையாகக் கணவரைக் கர்த்தர் எடுத்துவிடுவாரோ என்று அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். நான்கு வருஷமாகிறது. புத்தி ஒப்புக்கொண்டதை உடம்பு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கேள்வி இதுதான். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகும்போதெல்லாம் திருநெல்வேலி புதிய பஸ் நிலையத்தில் உட்கார்ந்து கம்மலைக் கழற்றிச் சில்லறைப் பையில் போட்டுக்கொள்கிறேன். திரும்பி வரும்போது அதே இடத்தில் போட்டுக்கொள்கிறேன். போன தடவை என் ஆறு வயது மகள் கேட்டாள்: “பாட்டி திட்டுவார்களா அம்மா?” இல்லை என்றேன். “அப்படியென்றால் ஏன் ஒளிக்கிறோம்?”

எங்கள் போதகர், பலவீனருக்கு இடறல் வேண்டாம், ரோமர் 14-இன்படி கழற்றுவதே அன்பு என்கிறார். என் தோழி, “மறுபடியும் அடிமைத்தனத்தின் நுகத்துக்குட்படாமல்” என்று கலாத்தியர் 5:1-ஐக் காட்டுகிறாள். இரண்டையும் எழுதியது ஒரே பவுல். நான் எதைக் கேட்பது?

தெற்குத்தெரு

சகோதரி, கழற்றிவிட்டுப் போங்கள். இரண்டு நாள். அம்மாவுக்கு வயதாகிறது. அவர்கள் மனம் நோகாமல் இருப்பதைவிடக் கல் கம்மல் பெரிதா? இதை வேதாகமக் கேள்வியாக்க வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம்.

கலாத்தியர் வாசகன்

தெற்குத்தெரு அண்ணன் சொல்வது ஒருவேளை முடிவில் சரியாக இருக்கலாம். ஆனால் இது வேதாகமக் கேள்விதான். பவுலே இதே இக்கட்டில் இரண்டு தடவை நின்றிருக்கிறார், இரண்டு தடவையும் எதிரெதிராக நடந்திருக்கிறார்.

எருசலேமுக்குப் போனபோது தீத்து கூட இருந்தான். கிரேக்கன், விருத்தசேதனம் என்கிற, நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு ஆகாதவன். அவனுக்கு விருத்தசேதனம் செய்தாக வேண்டும் என்று சிலர் நெருக்கினார்கள். “நாங்கள் ஒரு நாழிகையாகிலும் அவர்களுக்குக் கீழ்ப்பட்டு இணங்கவில்லை” என்கிறார் பவுல். சரி. இப்போது அப்போஸ்தலர் 16-ஐத் திறந்து பாருங்கள். லீஸ்திராவில் தீமோத்தேயுவைச் சேர்த்துக்கொள்கிறார், அவ்விடங்களில் இருந்த யூதர்கள் நிமித்தம் அவனுக்கு விருத்தசேதனம் செய்கிறார். இது நடப்பது அப்போஸ்தலர்கள் கூடிய எருசலேம் ஆலோசனைச் சங்கம், ஏறக்குறைய கி.பி. 49-இல், விருத்தசேதனம் தேவையில்லை என்று தீர்த்த உடனே. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற பயணத்திலேயே செய்கிறார்.

அதே சடங்குதான். அதே கத்திதான். தீத்துவிடம் கேட்டவர்கள், இது இல்லாவிட்டால் நீ தேவனுடைய பிள்ளை இல்லை என்றார்கள். தீமோத்தேயுவிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. யூதர் வீட்டுக்குள் போய்ச் சுவிசேஷம் சொல்ல அவன் தானாகச் சுமந்தது அது. ஆகவே காதில் என்ன இருக்கிறது என்பதை வைத்து இதைத் தீர்க்க முடியாது. கழற்றச் சொல்லுகிற குரல் எது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

தீத்து விஷயத்தில் பவுல் எழுதுகிற ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். கள்ளச் சகோதரர் நம்முடைய சுயாதீனத்தை “உளவுபார்ப்பதற்காக” நுழைந்தார்கள் என்கிறார். யார் காதில் துவாரம் தெரிகிறது, யார் முகத்தில் பவுடர் பூச்சு தெரிகிறது என்று ஆராதனையில் பார்க்கிற கண்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் பொருள் விளங்கும்.

மூன்றாவது ஒரு காட்சியும் உண்டு, அது சங்கடமானது. அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும், “விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து, விலகிப் பிரிந்தான்.” பேதுருவின் கொள்கை மாறவில்லை. ஆள் வந்ததும் எழுந்துவிட்டார், அவ்வளவுதான். சகோதரி, கோபித்துக்கொள்ள வேண்டாம். பஸ் நிலைய பெஞ்சில் நடப்பது தீமோத்தேயுவின் காரியம் போலவும் இல்லை, தீத்துவின் காரியம் போலவும் இல்லை. பேதுரு எழுந்து போனது போல எனக்குப் படுகிறது.

இன்னொன்று, நகையைப் பற்றி. எப்போதும் காட்டப்படும் வசனம் 1 பேதுரு 3:3. “மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதலாகிய புறம்பான அலங்கரிப்பு.” பொன்னுக்கு முன்னால் நிற்பது சடை. நம் கண்டிப்பான சபைகளில் சடை பின்னாத பெண்பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. ஒரே வாக்கியத்தில் இருக்கும் மூன்றில் ஒன்று மட்டும் எப்படிக் கட்டளையானது? மூல கிரேக்கத்தில் ‘உயர்ந்த’ என்ற சொல்லும் இல்லை, வெறும் வஸ்திரம்தான். அப்படியே சட்டமாக எடுத்தால் உடுப்பே கூடாது என்றாகும். அலங்காரம் எங்கே இருக்கிறது என்று பேதுரு பேசுகிறார். நாம் அதைத் தங்கத்தின் மீது போட்ட தடையாக ஆக்கிக்கொண்டோம்.

வெண்ணுடை

நானும் அப்படிப்பட்ட சபைதான். இன்றும் அங்கேதான் இருக்கிறேன், வெளியேறும் எண்ணமும் இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

என் அப்பா கட்டுமரத்தில் போனவர். கரைக்கு வந்த பணம் கரையிலேயே சாராயத்துக்குப் போகும். அவர் சபைக்கு வந்தபோது ‘உன் மனச்சாட்சிப்படி நட’ என்று யாரும் சொல்லவில்லை. குடிக்காதே, புகைக்காதே, சினிமா வேண்டாம், விடியற்காலை ஜெபத்துக்கு வா என்றார்கள். அந்த மனிதருக்கு அது வேலியாக நின்றது. வேலி இல்லாவிட்டால் எங்கள் வீடே இருந்திருக்காது.

எனக்கு மூன்று அக்காக்கள். எங்கள் தெருவில் பவுன் போடாமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது. கடன் வாங்கி, படகை விற்று, பிறகு மாப்பிள்ளை வீட்டில் ‘சொன்னதில் ஐந்து பவுன் குறைகிறது’ என்று அடி வாங்கிய பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? என் மூன்று அக்காக்களும் வெள்ளைச் சேலையில், ஒரு குண்டுமணித் தங்கம் இல்லாமல், தலை நிமிர்ந்து மணவாட்டிகளாக நின்றார்கள். நீங்கள் கம்மலைச் சுதந்தரம் என்கிறீர்கள். எங்கள் தெருவில் தங்கம்தான் நுகம்.

எருசலேம் சங்கத்தைப் பற்றி எழுதிய சகோதரர் அதன் கடைசியையும் சொல்லியிருக்கலாம். விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கையும் விலக்குங்கள் என்று அதே சங்கம் எழுதி அனுப்பியது. ஒழுங்கே வேண்டாம் என்று அப்போஸ்தலர்கள் சொல்லவில்லை.

தாமிரபரணிக்கரை

தம்பி (வயதை நானாக ஊகிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்), உங்கள் அக்காக்களைப் பற்றி வாசித்தபோது அழுதேன். நீங்கள் சொன்னது உண்மை. எங்கள் சபையிலும் ஏழைப் பெண்கள் அப்படித்தான் கரையேறினார்கள். அதை நான் மறந்துவிட்டேன், மறந்திருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், குத்திக்காட்ட அல்ல. உங்கள் அக்காக்களில் ஒருவர் நாளைக்கு ஒரு கம்மல் போட்டுக்கொண்டு வந்தால், அந்த ஞாயிறு திருவிருந்தில் அவருக்கு அப்பம் கொடுப்பார்களா?

வெண்ணுடை

கொடுக்க மாட்டார்கள், அக்கா.

இதற்கு மேல் இன்று எழுதத் தோன்றவில்லை. யோசிக்கிறேன்.

செவிலி

நகையைப் பற்றி அமைதியாகப் பேச முடிகிறது. மருந்தைப் பற்றி என்னால் முடியாது. முதல் பதிவில் ‘மருந்து எடுக்காத’ என்று ஒரு சொல்லில் கடந்து போயிருக்கிறார் சகோதரி. நான் அங்கே நிற்கிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் பன்னிரண்டு வருஷம். மாத்திரையும் ஊசியுமாக நன்றாகத்தான் இருந்தார். ஒரு உபவாசக் கூட்டத்துக்குப் பிறகு, ‘பரிகாரியான கர்த்தர் இருக்கும்போது ஊசியை நம்புகிறாயா’ என்ற வார்த்தைக்குக் கட்டுப்பட்டு எல்லாவற்றையும் நிறுத்தினார். கால் விரலில் ஒரு கொப்புளம் வந்தது. பிறகு விரல், பிறகு பாதம். நான் வார்டில் ஊரார் அப்பாக்களுக்கெல்லாம் இன்சுலின் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன். என் அப்பா காலை என்னிடம் காட்ட மாட்டார், போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். கடைசி வாரத்தில் நினைவு தப்பிய பிறகுதான் என் கை அவர் மேல் பட முடிந்தது.

அடக்கம் முடிந்து ஒரு மாதத்துக்குள் என் காதுபடச் சொன்னார்கள், விசுவாசக் குறைவு என்று. பிழைத்திருந்தால் விசுவாசத்துக்குச் சாட்சி, இறந்தால் விசுவாசக் குறைவு. எந்தப் பக்கம் விழுந்தாலும் அந்த உபதேசத்துக்கு நட்டமில்லை. செத்தவர்தான் குற்றவாளி.

பவுலோடு கூடவே பயணம் செய்தவர் யார்? “பிரியமான வைத்தியனாகிய லூக்கா.” தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்று உபாதை. ஜெபித்துக் குணமாக்கி வெட்கப்படுத்தவில்லை பவுல், “கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்” என்று எழுதினார். வியாதிப்பட்ட எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் பதினைந்து வருஷம் ஆயுசு என்று வாக்குக் கொடுத்த அதே ஏசாயா தீர்க்கதரிசிதான் கட்டியின் மேல் அத்திப்பழத்து அடையை வைக்கச் சொன்னார். வாக்கும் மருந்துப் பற்றும் ஒரே வாயிலிருந்து வந்தன. நல்ல சமாரியன் காயத்தில் ஊற்றிய எண்ணெயும் திராட்சரசமும் வேறென்ன? “பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டியதேயல்லாமல்” என்று சொன்னவர் ஆண்டவரேதான்.

இவ்வளவும் அப்பா படித்த வேதாகமத்திலேயே இருந்தது. அவருடைய கோடுகள் வேறு வசனங்களின் கீழே இருந்தன.

ஓய்வுபெற்ற ஊழியன்

மகளே, நான் நாற்பது வருஷத்துக்கு மேல் பிரசங்கித்தவன். உங்கள் அப்பாவின் சபை எது என்று தெரியாது, கேட்கவும் மாட்டேன். ஆனால் மேடையில் நின்று அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டு யாருடைய பிள்ளைகள் எந்த வீட்டில் அழுதார்களோ எனக்குத் தெரியாது. ஒவ்வொரு காலையும் அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன்.

பயத்தை நான் ஏன் பிரசங்கித்தேன் என்று பின்னாளில் யோசித்துப் பார்த்தேன். அது பலித்தது, அதனால்தான். பயந்த ஜனம் நேரத்துக்கு வரும், வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தைக் குறைக்காது, எதிர்த்துக் கேட்காது. அது பரிசுத்தம் போலவே இருக்கும். நானும் பயந்தே வாழ்ந்ததால் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் எனக்குள் ஏதோ உடைந்தது. ஆக்ஸ்போர்டில் விடியுமுன் எழுவார், வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், சிறைச்சாலைக்குப் போவார், ஏழைகளுக்குக் கொடுப்பார். குறை சொல்ல இடமே இல்லை. 1735-இல் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குக் கப்பல் ஏறினார். நடுக்கடலில் புயல். ஆங்கிலேயர்கள் அலறுகிறார்கள், மொரேவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியக் குடும்பங்கள் சிறு பிள்ளைகளோடு சங்கீதம் பாடுகிறார்கள். தனக்குச் சாகப் பயம் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை என்பது அவருக்கு உறைத்தது. ஊழியம் தோற்று ஊர் திரும்பினார். 1738 மே 24 அன்று மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்கையில் தம் இருதயம் வெதுவெதுப்பானதை உணர்ந்ததாக வெஸ்லி நாட்குறிப்பில் எழுதினார்.

அந்த லூத்தரும் இதே நோயாளிதான். 1505-இல் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்து, மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து, எழுந்து போனபின் ஏதோ ஒன்றை விட்டுவிட்டோம் என்று திரும்பி ஓடி வந்த துறவி. பாவ அறிக்கை கேட்ட மூத்த துறவி ஸ்டவுபிட்ஸே சலித்துப்போனார்.

வெஸ்லி வயதான பிறகு தம் பழைய நாட்களைப் பற்றி ஒரு திருத்தம் எழுதினார். அப்போது எனக்கு விசுவாசமே இல்லாமல் இல்லை, வேலைக்காரனுடைய விசுவாசம் இருந்தது, மகனுடைய விசுவாசம் இல்லை என்றார். இதைப் படித்த அன்றுதான் ரோமர் 8:15-ஐ முதல் தடவையாகப் படித்தது போல இருந்தது. “திரும்பவும் பயப்படுகிறதற்கு நீங்கள் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறாமல், அப்பா பிதாவே, என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திர சுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள்.” வேலைக்காரனும் மகனும் ஒரே வயலில் ஒரே வேலையைச் செய்யலாம். சாயங்காலம் ஒருவன் கணக்குக் கொடுக்கப் போகிறான், மற்றவன் வீட்டுக்குப் போகிறான்.

ஆகவே தம்பி வெண்ணுடைக்கு ஒரு வார்த்தை. அந்த விடியற்காலை ஜெபத்தையும் குடியை விட்டதையும் யாரும் உங்கள் அப்பாவிடமிருந்து பறிக்க வேண்டாம். அவரே ஒருநாள் அதை மகனாகச் செய்யட்டும்.

நாஞ்சில் பேத்தி

நகை பற்றிய பேச்சு வந்ததால் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் விலகிப் போகிறேன்.

என் பூட்டிக்குக் காது தோள் வரை தொங்கியதாம், பாம்படம் என்கிற கனத்த காதணி போட்ட காது. சபையில் சேர்ந்தபின் பாம்படத்தை விற்று, தொங்கிய காதை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். ஊரில் பல பெண்களுக்கு அப்படி நடந்தது. அந்தத் தையல் தழும்பை என் பாட்டி தன் அம்மாவின் காதில் தொட்டுத் தொட்டுப் பார்த்து வளர்ந்ததாகச் சொல்வார்.

ஆனால் அதற்கும் முந்திய தலைமுறையில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நடந்தது நேரெதிர். தென் திருவிதாங்கூரில் மார்பை மூடிச் சேலை உடுத்தினார்கள் என்பதற்காக நாடார் பெண்கள் சந்தையில் அடிக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது, ஜெபவீடுகள் கொளுத்தப்பட்டன. ஏறக்குறைய நாற்பது வருஷப் போராட்டம். 1859 ஜூலை 26-இல் வந்த அரச பிரகடனம்கூட, மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மூடக் கூடாது என்றுதான் சொன்னது. அந்தப் பெண்களுக்கு ஒரு குப்பாயம் (மேற்சட்டை) போடுவதே சுவிசேஷத்தின் சுதந்தரமாக இருந்தது.

பெண் எதை உடுத்தலாம் என்று முதலில் சாதி சொன்னது. பிறகு சபை சொன்னது. என் பூட்டி காதைத் தைத்துக்கொண்டது சந்தோஷத்தோடா, வேறு வழியில்லாமலா என்று யாரும் அவளிடம் கேட்டு வைக்கவில்லை. எனக்கு அதுதான் துக்கம். கேட்டிருந்தால், கலாத்தியர் வாசகன் அண்ணன் கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே பதில் இருந்திருக்கும்.

விடுதி மாணவன்

நான் சபையை விட்டு வந்து ஒன்றரை வருஷம். மறுபக்கத்தைச் சொல்கிறேன். எல்லாக் கட்டுகளையும் அறுத்தேன். படம் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கினேன், நண்பர்களோடு குடித்தும் பார்த்தேன். எதிலும் நான் எதிர்பார்த்த விடுதலை இல்லை. இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் பழைய பாஸ்டரின் குரல் வருகிறது. உடனே எழுந்துவிடுகிறேன். வேதாகமத்தைத் திறந்தாலும் அதே குரலில்தான் வசனங்கள் கேட்கின்றன. தசமபாகம் கொடுக்காத மாதங்களில் செல்போன் உடைந்தால்கூட, தசமபாகம் கொடாதவர்களைக் கண்டிக்கிற மல்கியா புத்தகம் நினைவுக்கு வருகிறது, “சபிக்கப்பட்டவர்கள்” என்று. விசுவாசம் போய்விட்டதா, அந்தக் குரல் போகவில்லையா என்றே தெரியவில்லை.

ஓய்வுபெற்ற ஊழியன்

தம்பி, அந்தக் குரலில் நீண்ட வசனங்களைப் படிக்க வேண்டாம். கொஞ்ச நாள் படிக்காமலும் இருக்கலாம், வானம் இடிந்து விழாது. முடிந்தால் ஒன்றே ஒன்று: “வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்.” அதை உன்னிடம் மிகவும் அன்பாயிருந்த யாருடைய குரலிலாவது, பாட்டியோ அத்தையோ, வாசிப்பதாக நினைத்துக் கேள்.

மல்கியாவைப் பற்றி: சாபத்தைச் சொல்லிக் கேட்ட காணிக்கையைப் புதிய ஏற்பாட்டில் நான் தேடிப் பார்த்தேன். கிடைத்தது 2 கொரிந்தியர் 9:7, “விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல.” உபாகமம் 14-ஐயும் ஒருநாள் வாசித்துப் பார். தசமபாகத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் நீயும் உன் வீட்டாரும் புசித்துச் சந்தோஷப்படுங்கள் என்றும், மூன்றாம் வருஷத்தில் அதைப் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் வையுங்கள் என்றும் இருக்கிறது. என் ஊழியக்காலம் முழுவதும் அந்த அதிகாரத்தை நான் ஒருதடவையும் பிரசங்கிக்கவில்லை. ஆண்டவர் சீரகத்தையும் வெந்தயத்தையும் எண்ணியவர்களைக் கடிந்துகொண்டது தசமபாகம் குறைந்ததற்காக அல்ல. நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் அவர்கள் விட்டுவிட்டதற்காக.

உன் செல்போன் கீழே விழுந்ததால் உடைந்தது.

செவிலி

ஐயா, நீங்கள் கேட்ட மன்னிப்பை மூன்று நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று வாங்கிக்கொள்கிறேன்.

தாமிரபரணிக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எழுதிய எல்லாருக்கும் நன்றி. பேதுருவைச் சொல்லிக் குட்டிய சகோதரருக்கு முதல் நன்றி. இரண்டு நாள் கோபமாக இருந்தேன், பிறகு அது உண்மை என்று தெரிந்தது. நான் அம்மாவுக்காகக் கழற்றவில்லை. பிடிபடாமல் இருக்கக் கழற்றினேன்.

போன சனிக்கிழமை ஊருக்குப் போனோம். பஸ் நிலையத்தில் கை தானாகக் காதுக்குப் போனது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கீழே இறக்கிக்கொண்டேன். கிராமத்து பஸ்ஸில் முக்கால் மணி நேரமும் வயிறு கலங்கியது.

அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், மறுபடியும் கீரையைப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். “நான்கு வருஷமாக இதைத் திருநெல்வேலியில் கழற்றிவிட்டுத்தான் வருவேன் அம்மா. இனிமேல் ஒளிக்கப் போவதில்லை. ஆண்டவருக்குப் பயந்து நான் இதைக் கழற்ற மாட்டேன், இதற்காக அவர் என்னைத் தள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கு வருத்தமாக இருந்தால் உங்கள் முன்னாலேயே கழற்றுகிறேன்” என்றேன். பஸ்ஸில் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள். நடுவில் தொண்டை அடைத்தது.

“காதில் துவாரம் இருப்பது எனக்குத் தெரியாதா?” என்றார்கள். அப்புறம் வெகு நேரம் பேச்சில்லை. கீரை முழுவதும் ஆய்ந்து முடிந்தது. “எனக்கு இது சரி என்று படவில்லை. படாது. நான் வந்த வழி வேறு” என்றார்கள். சரி அம்மா என்றேன். “சாயங்காலம் சபையார் ஜெபத்துக்கு வருவார்கள். அவர்கள் முன்னால் மட்டும் வேண்டாம். உன்னை ஏதாவது சொல்லிவிடுவார்கள், என்னால் தாங்க முடியாது.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அம்மாவும் அந்தக் கண்களுக்குப் பயந்தே இருக்கிறார்கள் என்று. எனக்காகப் பயப்படுகிறார்கள்.

இரண்டு கம்மலையும் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். கை நடுங்கவில்லை. தங்கத்தை அவர்கள் தொட்டு எத்தனை வருஷம் இருக்கும்! கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு உள்ளே போய் வேதாகமத்தின் ஜிப் உறையைத் திறந்து, காணிக்கைக் கவர் வைக்கிற அறையில் போட்டு மூடினார்கள். சாயங்கால ஜெபத்தில் அந்த வேதாகமம் அவர்கள் மடியில்தான் இருந்தது. என் மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார்கள். பஸ் திரும்பும்போது சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்கள்.

“இடது காதுக்குத் திருகாணி தளர்ந்திருக்கிறது. முறுக்கிப் போடு, விழுந்துவிடப் போகிறது.”